ஊருக்குத் திரும்பறதுன்னா எந்த ஊருக்கு?

1910ஆம் வருஷம், அக்டோபர் மாசம். டெலகோவா பே என்கிற துறைமுகம். இன்றைக்கு மொசாம்பிக் நாட்டுத் தலைநகரம் மபூட்டோ இருக்கிற இடம். அப்போது போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அங்கே நாராயணசாமி என்கிற தமிழர் இறந்துபோனார். வாரக்கணக்கில் கப்பல் டெக்கில் கிடந்தவர். குளிருக்குப் போதுமான துணி கிடையாது. டர்பனில் இறங்கப் பார்த்தார், விடவில்லை. கேப் பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போனார், அங்கேயும் விடவில்லை. திரும்பி டர்பன், மறுபடி மறுப்பு. கடைசியில் டெலகோவா பேயில் உயிர் போய்விட்டது.

அவர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார் தெரியுமா? நம்ம இந்தியாவிலிருந்து. எங்கே போகப் பார்த்தார்? வீட்டுக்கு. அதாவது தென்னாப்பிரிக்காவுக்கு.

இந்த ஒரு விஷயம்தான் ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. நம்ம பாடப் புத்தகத்தில் கூலிகளாகப் போனவர்கள் கதை ரெண்டு வரியில் வரும். கப்பலில் போனார்கள், கரும்புத் தோட்டத்தில் கஷ்டப்பட்டார்கள், காந்தி போய்க் காப்பாற்றினார். சுபம். அந்தக் கதையில் "திரும்புவது" என்றால் இந்தியாவுக்குத் திரும்புவது மட்டும்தான். ஆனால் நாராயணசாமி மாதிரி ஆட்கள் உயிரைக் கொடுத்துத் திரும்பப் பார்த்தது ஆப்பிரிக்காவுக்கு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க :-)

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கா பற்றி உனக்கு என்னய்யா பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு. எங்க ஊர் மலைக்குப் பின்பக்கம். கிரிவலம் வந்தவங்களுக்குத் தெரியும், 14 கிலோமீட்டர் பாதையில் கால் வலிக்க ஆரம்பித்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிற இடத்தில் எங்க ஊர் வரும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில், மாணிக்கவாசகர் கோயில் எல்லாம் இங்கேதான். இந்தப் பாதையில் வெளிநாட்டுக்காரங்க நடப்பது புதுசு இல்லை. ரமணரைத் தேடி வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆச்சு. ஆனால் நம்மை மாதிரியே கறுப்பாக, நெற்றியில் விபூதியோடு, வாயைத் திறந்தால் சுத்த இங்கிலீஷ் பேசிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். பேர் கேட்டால் கோவெண்டர், மூட்லி, படையாச்சி, நாயக்கர், பிள்ளை. கோவெண்டர் வேறு யாரும் இல்லை, நம்ம கவுண்டர்தான். மூட்லி, முதலியார். கப்பலில் பேர் எழுதின குமாஸ்தா காதில் விழுந்தது அப்படி. ஜாதிப் பட்டம், குடும்பப் பேராகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவங்கல்லாம் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆட்கள்.

சரி, முதலில் கப்பலுக்கு வருவோம்.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்று ஒரு கப்பல் புறப்பட்டது. 342 பேர். நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அப்போது அந்தப் பகுதிக்கு நேட்டால் என்று பேர், பிரிட்டிஷ் காலனி. கரும்பு போட்டுவிட்டார்கள், வெட்ட ஆள் இல்லை. ஜூலுக்கள் அவர்களுக்குக் கூலிக்கு வரத் தயாராக இல்லை, சொந்த நிலமும் மாடும் இருக்கும்போது யார் வருவாங்க? அதனால் நம்ம ஆட்கள். அதிலிருந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள். மூணில் ரெண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். அதில் பெரும் பங்கு வட ஆற்காடு. வானம் பார்த்த பூமி. 1876-78 தாது வருஷப் பஞ்சம் எங்க பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. ஏன் கப்பல் ஏறினார்கள் என்பதற்கு இதுக்கு மேல் விளக்கம் வேணாம்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். சம்பளம் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பத்து வருஷம் அந்தக் காலனியில் இருந்துவிட்டால் இலவசமாகத் திரும்பலாம். ஆரம்பத்தில், திரும்ப வேண்டாம் என்றால் அந்தக் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நிலம் கேட்கலாம் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. இதைக் கவனியுங்க. முதல் நாளிலிருந்தே "இங்கேயே இருந்துக்கலாம்" என்பது பேச்சில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்துபோனது இதைத்தான்.

1871இல் முதல் கூட்டம் திரும்பி வந்தது. ரெட் ரைடிங் ஹூட், உம்வோட்டி என்று ரெண்டு கப்பல். (சிவப்புக் குல்லாய்ப் பாப்பா கதைப் பேரை ஒரு கூலிக் கப்பலுக்கு வைத்த புண்ணியவான் யாரோ!) வந்து இறங்கினவர்கள் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. அடி, உதை, சம்பளப் பிடித்தம் என்று சென்னையில் அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். ஏற்கெனவே நின்றிருந்த ஆள் அனுப்புகிற வேலையை மறுபடி ஆரம்பிக்க விடவில்லை. நேட்டாலில் 1872இல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கொஞ்சம் மராமத்து செய்து 1874இல் மறுபடி கப்பல் விட்டார்கள். திரும்பி வந்தவன் வாய் திறந்ததால் ஒரு காலனி அரசாங்கமே கமிஷன் போட வேண்டி வந்தது, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

நேட்டால் வெள்ளைக்காரர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில் ஆரம்பித்தது. ஒப்பந்தம் முடிந்த தமிழன் திரும்பவில்லை. காய்கறி போட்டான், மீன் பிடித்தான், கடை வைத்தான். 1895இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி ஒப்பந்தம் போடு, இல்லையா இந்தியாவுக்குப் போ, ரெண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு 3 பவுண்ட் வரி கட்டு. 3 பவுண்ட் என்றால் 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் சம்பளக்காரனுக்கு அது ஆறு மாதச் சம்பளம். பெண்டாட்டிக்குத் தனி, வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தனி. ஒரு நாட்டில் இருப்பதற்கே அபராதம்! 1913இல் காந்தி நடத்தின பெரிய போராட்டத்தில் சுரங்கத் தொழிலாளிகளும் தோட்டத் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள் என்றால், இந்த வரிதான் முக்கியக் காரணம். இங்கேயே இருப்போம், காசு கொடுத்து இருக்க மாட்டோம் என்பதுதான் அந்தப் போராட்டத்தின் சாரம்.

அதுக்கு முன்னாடி டிரான்ஸ்வாலில், அதாவது ஜோகன்னஸ்பர்க் பக்கம், வேறு ஒரு சண்டை. ஆசியாக்காரர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வாசலில் பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். ஜெயிலுக்குப் போவதில் தமிழர்கள் முன்னால் நின்றார்கள், காந்தியே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஜெயில் போட்டும் அடங்கவில்லை என்றதும் அரசாங்கம் இன்னொரு வழி கண்டுபிடித்தது. நாடு கடத்துவது. டிரான்ஸ்வாலுக்குச் சொந்தமாகத் துறைமுகம் கிடையாது. அதனால் போர்ச்சுகீசியர்களோடு பேசி டெலகோவா பே வழியாக இந்தியாவுக்கு ஏற்றினார்கள். 1910 ஏப்ரலில் உம்லாசி என்கிற கப்பலில் மட்டும் அறுபது பேர் போல. சிலர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களை "உங்க நாட்டுக்குப் போங்க" என்று அனுப்பினால் எந்த நாட்டுக்குப் போவது?

சென்னையில் இவர்களைப் பார்த்துக்கொண்டவர் ஜி.ஏ. நடேசன், "இந்தியன் ரிவ்யூ" பத்திரிகை நடத்தினவர். சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, திரும்ப அனுப்புகிற வேலையும் பார்த்தார். ஆமாம், திரும்ப. காந்தியின் நண்பர் போலக் அப்போது இந்தியாவில் இருந்தார். அவரோடு ஒரு கூட்டம் மறுபடி கப்பல் ஏறியது. நாராயணசாமி அந்தக் கூட்டத்து ஆள். எந்தத் துறைமுகம் வழியாகத் தமிழர்களை வெளியே தள்ளினார்களோ, அதே துறைமுகத்தில் உள்ளே வர முடியாமல் செத்தார். காந்தி கடைசி வரைக்கும் அவர் பேரை நாகப்பன், வள்ளியம்மை பேர்களோடு சேர்த்தே சொன்னார். நமக்கு வள்ளியம்மை தெரியும். நாகப்பனை ஓரளவுக்குத் தெரியும். நாராயணசாமி? ஹும்.

வள்ளியம்மை விஷயத்திலும் ஒரு சின்னக் குறை எனக்கு உண்டு. தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். அவர் அப்பா அம்மாவின் ஊர்ப் பக்கம் தில்லையாடி, சரி. ஆனால் அந்தப் பெண் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22. ஜெயிலில் காய்ச்சல் வந்து, வெளியே வந்து, இறந்ததும் அதே ஊரில்தான், 1914 பிப்ரவரி 22. பிறந்த நாளிலேயே, பதினாறு வயதில். அது தன்னுடைய மண் என்று நினைத்துத்தானே ஜெயிலுக்குப் போனார்? ஜோகன்னஸ்பர்க் வள்ளியம்மை என்று ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்கலாம். நமக்கு வாயில் வராது.

1914இல் காந்தி ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கிளம்பினார். 3 பவுண்ட் வரி ஒழிந்தது. பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஓர் ஓரத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. "இங்கே குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று கையெழுத்துப் போடுகிற இந்தியருக்கு இலவசக் கப்பல் டிக்கெட். பிடித்துத் தள்ளுவது போய், காசு கொடுத்துத் தள்ளுவது ஆரம்பித்தது. 1920களில் டிக்கெட்டோடு கையில் 5 பவுண்ட், அப்புறம் 10 பவுண்ட். 1927இல் கேப்டவுன் ஒப்பந்தம். இந்த முறை இந்திய அரசாங்கமும் சேர்ந்து தலையாட்டியது. பெரியவர்களுக்கு 20 பவுண்ட், குழந்தைக்கு 10. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்தியாவின் முதல் ஏஜெண்டாக அங்கே போய் உட்கார்ந்தார். அவர் முயற்சியில் டர்பனில் வந்த சாஸ்திரி கல்லூரி பல தலைமுறைகளைப் படிக்க வைத்தது, அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனால் இந்த 20 பவுண்ட் திட்டம் இருக்கே...

வந்து இறங்கினவர்கள் கதையைப் படித்தால் வயிறு எரியும். சென்னைத் துறைமுகத்தில் ஒரு தனி அதிகாரி. அவர் ஊர் விசாரித்து அனுப்பி வைப்பார். ஊரில் யார் இருக்கா? தாத்தா கிளம்பி அறுபது வருஷம் ஆச்சு. இருக்கிற பங்காளிக்கு இவன் வந்தால் நிலத்தில் பங்கு கேட்பானோ என்று பயம். கப்பல் ஏறினவன் ஜாதி கெட்டவன் என்று தண்ணீர் கொடுக்க மறுத்த ஊர்களும் உண்டு. ஜாதி விட்டுக் கல்யாணம் செய்திருந்தால் தொலைந்தது. பிள்ளைகளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சும் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த பவுண்ட் கரைந்தது. சிலர் மலேயா தோட்டத்துக்குப் போனார்கள், அதாவது தாத்தா செய்ததையே பேரன் மறுபடி முதலிலிருந்து! திரும்பவும் நேட்டாலுக்கே போகலாம் என்றால், ஒப்பந்தத்தில் வழி இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு, மூணு வருஷத்துக்குள், வாங்கின காசைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போகலாம். சோத்துக்கே வழி இல்லாதவன் 20 பவுண்டுக்கு எங்கே போவான்? இந்த ஷரத்தை எழுதினவர்கள் புத்திசாலிகள்தான்.

1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் திரும்பி வந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். பவானி தயாள் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், அதனால் விஷயம் தெரிந்தவர். திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 1932இல் ரெண்டு அரசாங்கமும் மறுபடி உட்கார்ந்து பேசினபோது, இந்தத் திட்டத்தால் இனி பயன் இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? அங்கே இருக்கிற இந்தியர்களில் நூற்றுக்கு 80 பேர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள்! இதைக் கண்டுபிடிக்க அவங்களுக்கு 1932 ஆச்சு. அப்புறமும் "இவங்க எங்க நாட்டு நிரந்தரக் குடிகள்தான்" என்று தென்னாப்பிரிக்க அரசாங்கம் வாய் திறந்து சொன்னது 1961இல்தான். ட்ரூரோ கப்பல் வந்து 101 வருஷம்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கும் நாம் வைத்த பேர் "தாயகம் திரும்பியோர்". கண்டி மலையில் பிறந்து வளர்ந்தவன் நீலகிரியில் வந்து இறங்கினால் தாயகம் திரும்புகிறானா, தாயகத்தை விட்டு வருகிறானா?

நிற்க. ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லணும். எனக்கு இந்த மொத்த வரலாறும் அந்த ஒரு வீட்டுக்குள் இருக்கிற மாதிரி தோணும்.

தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழர், ஜோகன்னஸ்பர்க்கில் வியாபாரி, காந்தியின் வலதுகை. திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போன ஆள். மனைவி வீரம்மாளும் 1913இல் ஜெயில். காந்தி 1914இல் கிளம்பும்போது தம்பி நாயுடு தன் பிள்ளைகள் நாலு பேரை அவரிடம் ஒப்படைத்தார், இந்தியாவுக்குத் தொண்டு செய்யட்டும் என்று. அதில் ஒருவர் நாரணசாமி (கப்பலில் இறந்தவர் வேறு, குழப்பிக்காதீங்க). பீனிக்ஸ் பண்ணைப் பிள்ளைகளோடு இந்தியா வந்தார், சாந்திநிகேதன், காந்தி ஆசிரமம் என்று வளர்ந்தார். தாகூர் ஒரு பக்கம், காந்தி ஒரு பக்கம். இதைவிட என்ன வேணும் ஒரு பையனுக்கு? ஆனால் 1928இல் அவர் ஜோகன்னஸ்பர்க்குக்கே திரும்பிவிட்டார். ஒரு பக்கம் 20 பவுண்ட் கொடுத்து இந்தியர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த அதே சமயத்தில், இவர் எதிர்த் திசையில் போனார்! தொழிற்சங்கம், காங்கிரஸ் என்று அங்கேயே வாழ்ந்தார். 1953இல் இறந்தார்.

அவர் பிள்ளைகள் காலத்தில் கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. ஏர் இந்தியா 1950லேயே பம்பாயிலிருந்து நைரோபிக்குப் பறக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் தென்னாப்பிரிக்கா பக்கம் கதவு சாத்தியாச்சு. 1946இல் இந்தியா அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது, விவகாரத்தை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. நம்ம பழைய பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்றே அச்சடித்திருக்கும், வீட்டில் தாத்தா பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்க. 1963க்குப் பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவும் தங்கள் வானத்தில் தென்னாப்பிரிக்க விமானம் பறக்கக் கூடாது என்றன. அவர்கள் லண்டன் போவதற்கே கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு பறந்தார்கள்.

அந்த நாட்டுக்குள்ளே இருந்த எதிர்ப்பாளர்களுக்கு அரசாங்கம் ஒரு காகிதம் வைத்திருந்தது. எக்ஸிட் பெர்மிட். வெளியே போகலாம். திரும்ப வர முடியாது, வந்தால் ஜெயில். 1914 சட்டத்தின் கையெழுத்துக்குத் தம்பி முறை ஆகணும் இது. நாரணசாமியின் மகன் இந்திரஸ் 1963இல் பிடிபட்டு ராபன் தீவில் பத்து வருஷம் இருந்தார். மகள் சாந்தியை 1969இல் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் தனிமையில் வைத்தார்கள். வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். கோர்ட்டில் நின்று முடியாது என்றார் அந்தப் பெண். அப்புறம் எக்ஸிட் பெர்மிட் கேட்டார். கொடுத்தார்கள். ஆனால் அவர் மேல் இருந்த தடை உத்தரவுப்படி ஜோகன்னஸ்பர்க் எல்லையைத் தாண்டக் கூடாது. விமான நிலையம் எல்லைக்கு வெளியே! நாட்டை விட்டுப் போகலாம், ஏர்போர்ட்டுக்குப் போகக் கூடாது. (வடிவேலு காமெடி தோற்றது போங்க.) கடைசியாக 1972இல்தான் லண்டனுக்குப் போக முடிந்தது. அங்கே கொஞ்ச காலம், பிறகு தான்சானியா. இந்திரஸும் 1977இல் வெளியேறினார்.

1990 பிப்ரவரியில் தடைகள் நீங்கின, மண்டேலா வெளியே வந்தார். அதுக்கப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கின விமானங்களில் நம்ம பேர்கள் நிறைய இருந்தன. சாந்தி நாயுடு 1991இல் திரும்பினார். பத்தொன்பது வருஷம் கழித்து. டாக்டர் கூனம் என்று இன்னொரு அம்மா. 1906இல் டர்பனில் பிறந்து, எடின்பரோவில் போய் டாக்டருக்குப் படித்தவர். 1946 சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர். எழுபது வயசுக்கு மேல் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. 1990இல் எண்பத்து நாலு வயசில் விமானம் ஏறித் திரும்பி வந்தார். வந்து, அடுத்த வருஷம் "கூலி டாக்டர்" என்று சுயசரிதை போட்டார். 1994 தேர்தலில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். எண்பத்து நாலு வயசில் நம்ம ஆட்கள் காசிக்குப் போவாங்க. அந்தம்மாவுக்கு டர்பன்தான் காசி.

நம்ம பக்கத்தில் கதவு திறந்ததை நிறையப் பேர் டிவியில் பார்த்திருப்பீர்கள், என்னவென்று தெரியாமலே. 1991 நவம்பர் 10, ஈடன் கார்டன்ஸ். கிளைவ் ரைஸ் தலைமையில் தென்னாப்பிரிக்கா ஆடின முதல் ஒருநாள் மேட்ச். டொனால்டு அஞ்சு விக்கெட் எடுத்தும் நாம் ஜெயித்தோம். 1993 நவம்பரில் தூதரக உறவு. அதுக்கப்புறம்தான் டர்பன் கவுண்டர்களும் முதலியார்களும் சுலபமாக இங்கே வர முடிந்தது.

வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ஜெராக்ஸ் காகிதம் இருக்கும். கப்பல் பட்டியல். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், பேர், தகப்பன் பேர், வயசு, ஜாதி, உடம்பில் அடையாளம், ஜில்லா, தாணா, கிராமம். வெள்ளைக்காரன் ஆளைத்தான் மதிக்கவில்லை, கணக்கை மதித்தான். சிக்கல் என்னவென்றால் ஊர்ப் பேர் இங்கிலீஷில் கோணல்மாணலாக இருக்கும். திருவண்ணாமலையை அவர்கள் எழுதினது திரினோமலி. 1767இல் ஹைதர் அலியோடு இங்கே நடந்த சண்டையையே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஜில்லா. கப்பல் போன காலத்தில் திருவண்ணாமலை தென்னாற்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூரைத் தனி ஜில்லாவாகப் பிரித்தபோது இதைத் தூக்கி வட ஆற்காட்டில் சேர்த்தார்கள். 1989இல் தனி மாவட்டம். ஆக, பட்டியலில் தென்னாற்காடு என்று இருக்கிற காகிதத்தோடு கடலூர், விழுப்புரம் எல்லாம் அலைந்துவிட்டு வருபவர்கள் உண்டு.

அப்படி ஒரு அம்மாவை எங்க ஊர் டீக்கடையில் பார்த்தேன். ரிட்டயர்டு டீச்சர், எழுபது வயசு இருக்கும், மகளோடு கிரிவலம் வந்தவங்க. காகிதத்தைக் காட்டினாங்க. கிராமத்துப் பேரை ஆளுக்கு ஒரு விதமாகப் படித்தோம். டீ மாஸ்டர் ஒரு ஊர் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் வேறு ஊர் சொன்னார், ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "பரவால்ல தம்பி, ரெண்டு ஊருக்கும் போய்ப் பார்த்துர்றேன்" என்றாங்க. தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் எங்க பக்கத்து வாடை அப்படியே இருந்தது. பாட்டியை ஆயா என்றாங்க.

எதிர்ச் சுவரில் கூத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரதம், ராத்திரி தெருக்கூத்து. மகள் அதில் இருந்த வேஷக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டாள். "அட, சிக்ஸ் ஃபுட் டான்ஸ்!" என்றாங்க அந்தம்மா. தெருக்கூத்துக்கு டர்பனில் அதுதான் பேர். அதாவது ஆறடி நடனம் :-) கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி ராத்திரி பூரா ஆடுவாங்களாம், அவங்க தாத்தா துரியோதனன் வேஷம் கட்டுவாராம். தீமிதியும் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளி அன்று தீமிதிப்பார்கள். தோட்டத் துரை லீவு விடுகிற நாளில் அம்மன் தன் திருவிழாவை மாற்றி வைத்துக்கொண்டாள்.

நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். எல்லாரும் கேட்பதுதான். "ஏம்மா, இவ்ளோ தூரம் தேடி வந்திருக்கீங்க. சொந்த ஊர் கிடைச்சா இங்கயே ஒரு வீடு வாங்கிப் போட்டு இருந்துர வேண்டியதுதானே?"

அந்தம்மா என்னை விநோதமாகப் பார்த்தாங்க. "எனக்கு ஊரு டர்பன், தம்பி. இது எங்க ஆயாவோட தாத்தா ஊரு."

வியாழக்கிழமை சென்னையிலிருந்து துபாய், அங்கே மாறி டர்பன். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முக்கால் நாள் ஆகுமாம். ட்ரூரோவுக்கு ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. ஏரோப்ளேன் டர்பனில் இறங்குவதற்கு முன்னால் கடல் பக்கமாகத் திரும்பும்போது கரும்புத் தோட்டம் தெரியும், அதைப் பார்க்கிறவரைக்கும் தூக்கம் வராது என்றாங்க. அப்புறம் டீ மாஸ்டரிடம், "அந்த ரெண்டாவது ஊருக்கு பஸ் எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தாங்க.